கூப்பிட்டால் திரும்பி வருமா?

சித்திரை மாதம். உச்சி வெயில்.

பெரம்பலூர் மாவட்டத்தில் வெண்பாவூர்க் காடு. முட்செடியும் புதரும் மண்டிய வறண்ட காடு அது. அங்கே புள்ளிமான்கள் இருக்கின்றன. கோடை வந்தால் காட்டுக் குட்டைகள் வற்றிவிடும். தாகம் தாங்காமல் மான்கள் வயல் பக்கம் வரும். கிணற்று மேட்டுக்கு வரும். சில சமயம் ஊருக்குள்ளேயே வந்துவிடும்.

காட்டு ஓரத்தில் ஒருவர் ஆடு மேய்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடன் ஒரு நாய். பெயர் மணி. வயது எட்டு மாதம். கழுத்தில் கயிறு கிடையாது.

திடீரென்று புதரில் ஒரு சலசலப்பு! மான் ஒன்று தலையை நீட்டுகிறது. மணியின் காது நிமிர்கிறது. வால் விறைக்கிறது. முன்னங்கால் ஒன்று மேலே தூக்கியபடி நிற்கிறது.

"மணி! வா!" என்று அவர் குரல் கொடுக்கிறார்.

மணி திரும்புமா? ஓடுமா?

திரும்பினால் மான் பிழைத்தது. ஓடினால்? கோடைக்காலத்தில் பெரம்பலூர்ப் பக்கத்துச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். தண்ணீர் தேடி வந்த மானை நாய்கள் கடித்துக் கொன்றன என்ற செய்தி அடிக்கடி வருகிறது. கடி படாமலே, ஓடிக் களைத்து, அதிர்ச்சியில் சாகிற மான்களும் உண்டு.

நாய்க்கும் ஆபத்துதான். திருச்சி - சென்னை நெடுஞ்சாலை பாடாலூர், சிறுவாச்சூர், பெரம்பலூர் வழியாகப் போகிறது. மானைத் துரத்தும் நாய் சாலையைப் பார்க்காது. அரியலூர்ப் பக்கம் போனால் சிமெண்டு ஆலைகள். சுண்ணாம்புக் கல் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அங்கே ஒரு நாய் ரோட்டின் குறுக்கே பாய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கட்டியே வைத்தால் என்ன?

"வம்பே வேண்டாம். சங்கிலியில் கட்டிப் போட்டுவிடலாம்" என்று சிலர் நினைக்கலாம்.

அதுவும் தப்பு. எப்போதும் கட்டிக் கிடக்கும் நாய் முரடாகும். பார்த்தவரை எல்லாம் பார்த்துக் குரைக்கும். ஒரு நாள் சங்கிலி அறுந்தால் பிடிக்கவே முடியாது. இந்தியாவில் 1960-ல் வந்த பிராணிவதைத் தடுப்புச் சட்டமும் இதைச் சொல்கிறது. வழக்கமாகச் சங்கிலியில் கட்டி வைக்கும் நாய்க்குத் தக்கபடி நடையும் ஓட்டமும் கொடுக்காமல் விடுவது குற்றம்!

அவிழ்த்து விட்டு அலட்சியமாக இருந்தாலும் குற்றம்தான். நாயால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது வளர்ப்பவர் கடமை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்! மான் விஷயம் இன்னும் கடுமையானது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு மிருகத்தைக் கொல்வது மட்டும் வேட்டை அல்ல. நாயை ஏவித் துரத்துவதும் வேட்டைதான்.

கட்டினாலும் குற்றம், விட்டாலும் குற்றம் என்றால் என்னதான் செய்வது?

ஒரு வழி இருக்கிறது. விட்டாலும் திரும்பி வருகிற நாயாக அதைப் பழக்குவது. அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு கயிறு வேண்டும். கொஞ்சம் கருவாடு வேண்டும். நிறையப் பொறுமை வேண்டும்.

"அடியாத மாடு படியாது" - நாய்க்குப் பொருந்துமா?

பொருந்தாது. அந்தப் பழமொழி மாட்டுக்கே சரியா என்பது வேறு கதை. நாய் விஷயத்தில் அது தலைகீழ்.

ஏன் என்று பார்ப்போம்.

மணி ஓடிப் போகிறது. எஜமானர் கத்துகிறார். அது கேட்கவில்லை. கால்மணி நேரம் சுற்றிவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு தானாகவே திரும்பி வருகிறது. அவருக்கு ஆத்திரம். பக்கத்தில் வந்ததும் பளார் என்று ஓர் அடி!

எதற்காக அடித்தார்? ஓடியதற்காக. ஆனால் மணிக்கு அது எப்படித் தெரியும்? ஓடும்போது யாரும் அடிக்கவில்லை. ஓட்டம் சுகமாக இருந்தது. திரும்பி வந்து எஜமானர் காலடியில் நின்றபோதுதான் அடி விழுந்தது. மணி கற்றுக்கொண்ட பாடம் என்ன? "அவர் பக்கத்தில் போனால் அடி விழும்!"

அடுத்த முறை கூப்பிட்டால் மணி பத்து அடி தள்ளியே நிற்கும். எஜமானர் ஓர் அடி எடுத்து வைத்தால், அது இரண்டு அடி பின்னால் போகும். "திமிர் பிடித்த நாய்" என்று ஊர் சொல்லும். உண்மையில் அது நல்ல மாணவன். சொல்லிக் கொடுத்தவர்தான் பாடத்தை மாற்றிச் சொல்லிவிட்டார்.

ஆகவே முதல் விதி இது: திரும்பி வந்த நாயை அடிக்கவே கூடாது. எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் சரி. சேற்றில் புரண்டுவிட்டு வந்தாலும் சரி. கோபத்தை விழுங்கிக்கொண்டு தட்டிக் கொடுக்க வேண்டும். மற்ற விதிகளை எல்லாம் மறந்தாலும் இந்த ஒன்றை மறக்கக் கூடாது.

ருஷ்ய நாட்டு விஞ்ஞானி

இவான் பாவ்லோவ் என்று ஒரு ருஷ்ய விஞ்ஞானி இருந்தார். ஜீரண உறுப்புகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய ஆராய்ச்சிச் சாலையில் நாய்கள் இருந்தன. உணவைக் கண்டால் நாய்க்கு எச்சில் ஊறும். இதில் அதிசயம் இல்லை. ஆனால் உணவு வருவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ஓர் ஓசை எழுப்பினால் என்ன நடக்கும்? சில நாட்களில், உணவு வராமலே, அந்த ஓசையைக் கேட்டதும் எச்சில் ஊறத் தொடங்கியது!

நாயைக் கூப்பிடும் சொல்லும் அப்படித்தான். "வா" என்ற சொல்லுக்கு நாயிடம் அர்த்தம் கிடையாது. அதைத் தொடர்ந்து என்ன வருகிறதோ அதுதான் அர்த்தம். கருவாடு வந்தால் "வா" என்பது கருவாடு. அடி வந்தால் "வா" என்பது அடி.

நம் வீடுகளில் நடப்பது என்ன? அப்பா "மணி, இங்கே வாடா" என்கிறார். அம்மா "தோ தோ" என்கிறாள். பையன் சீழ்க்கை அடிக்கிறான். பாட்டி "அடச்சீ, வந்து தொலை" என்கிறாள். நாளைக்கு ஐம்பது தடவை கூப்பிடுகிறார்கள். நாற்பது தடவை காரணமே இல்லை. மீதிப் பத்துத் தடவை கட்டிப் போடுவதற்கு! இத்தனை குரலில் எதை என்று கேட்கும் அந்தக் குட்டி?

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரே சொல்லை முடிவு செய்ய வேண்டும். "வா" என்றால் "வா". அல்லது ஒரு சீழ்க்கை. காட்டிலும் மேட்டிலும் சீழ்க்கைதான் நல்லது. அது தூரம் போகும். குரலில் கோபம் தெரியும், பதற்றம் தெரியும். சீழ்க்கையில் அவ்வளவாகத் தெரியாது. அந்தச் சொல்லைத் திட்டுவதற்கும் வேடிக்கைக்கும் செலவழிக்கக் கூடாது. காசைப் போல எண்ணிச் செலவு செய்ய வேண்டும்.

எந்த வயதில் தொடங்குவது?

தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். நாய்க்குத் தொட்டில் காலம் மிகவும் சின்னது.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்தது. உயரமான வேலி போட்ட நிலத்தில் நாய்க்குட்டிகளை வளர்த்தார்கள். மனித வாடையே படாமல் வளர்த்தார்கள். சில குட்டிகளை இரண்டாவது வாரத்தில் எடுத்து ஒரு வாரம் மனிதருடன் பழக விட்டார்கள். சிலவற்றை ஐந்தாவது வாரத்தில். சிலவற்றை ஏழாவது வாரத்தில். சில குட்டிகளைப் பதினான்கு வாரம் வரை யாரும் தொடவே இல்லை. அந்தக் கடைசிக் குட்டிகள் காட்டு மிருகங்கள் போலவே ஆகிவிட்டன. பிறகு என்ன கொஞ்சியும் சரியாகப் பழகவில்லை. இந்த ஆராய்ச்சியின் முடிவு 1961-ல் வெளியாயிற்று.

மூன்றாவது வாரம் முதல் சுமார் மூன்று மாதம் வரை குட்டியின் மனசு ஈர மண் மாதிரி. அப்போது எதைப் பார்த்துப் பழகுகிறதோ அது பயமில்லாத பொருளாகிவிடும். ஆடு, கோழி, சைக்கிள், பஸ் சத்தம், குழந்தைகள், குடை பிடித்த பெரியவர் எல்லாவற்றையும் அப்போதே காட்டிவிட வேண்டும். தாயிடமிருந்து குட்டியை எட்டு வாரத்துக்கு முன்னால் பிரிக்கவும் கூடாது. சக குட்டிகளோடு கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதை அது தெரிந்துகொள்கிறது.

மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும். அதன் பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் நாளில் மறுபடியும் போட வேண்டும். அவிழ்த்து விடப்போகும் நாய்க்கு இது கட்டாயம். இதில் பேரம் இல்லை.

கயிற்றின் ரகசியம்

பயிற்சி வீட்டு முற்றத்தில் ஆரம்பிக்கிறது.

குட்டி இரண்டு அடி தூரத்தில் நிற்கும்போது "மணி" என்று மெதுவாகச் சொல்ல வேண்டும். திரும்பிப் பார்த்ததும் "வா" என்று சொல்லி ஒரு துண்டு கருவாடு. அவ்வளவுதான். உப்புக் கருவாடாக இருந்தால் நன்றாகக் கழுவி ஊற வைத்துக் கொடுக்க வேண்டும். அவித்த முட்டைத் துண்டு, வெந்த ஈரல் துண்டு ஆகியவையும் நல்லவை. சுண்டு விரல் நகம் அளவு போதும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்கு ஐந்து நிமிஷம். அதற்கு மேல் குட்டிக்குச் சலித்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. செட்டிகுளம் வட்டாரம் சின்ன வெங்காயத்துக்குப் பெயர் போனது. பெரம்பலூர் மாவட்டத்துச் சமையலில் அது இல்லாத குழம்பு ஏது? ஆனால் நாய்க்கு வெங்காயம் விஷம்! பச்சையாக இருந்தாலும், வெந்திருந்தாலும் அது நாயின் ரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்களை அழிக்கும். மிச்சக் குழம்பைச் சோற்றில் ஊற்றி நாய்க்கு வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. வேக வைத்த கோழி எலும்பும் கூடாது. அது சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

முற்றத்தில் குட்டி தவறாமல் வருகிறது. இனி வெளியே போகலாம். அப்போதுதான் கயிறு வேலைக்கு வருகிறது.

முப்பது அடி நீளத்தில் லேசான, உறுதியான ஒரு கயிறு போதும். அதைக் கழுத்துப் பட்டையில் கட்டக் கூடாது. ஓடுகிற வேகத்தில் கயிறு இழுத்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். மார்பைச் சுற்றிப் போடும் வார்ப் பட்டையில் கட்ட வேண்டும். மறு முனையைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. விரல் போய்விடும். தரையில் இழுபடும்படி விட்டு, தேவைப்பட்டால் காலால் மிதித்து நிறுத்தலாம்.

இந்தக் கயிறு எதற்கு? நாயை இழுப்பதற்கு என்று நினைத்தால் தவறு. நாய் தப்பான பாடத்தைப் படித்துவிடாமல் தடுப்பதற்கு! "கூப்பிட்டும் போகாமல் இருக்கலாம், ஒன்றும் ஆகாது" என்பதை நாய் ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் போதும். பிறகு அதை மறக்கடிக்க மாதக்கணக்கில் ஆகும். கயிறு இருந்தால் அந்தக் கண்டுபிடிப்பு நடக்காது.

நாய் பதினைந்து அடி போனதும் ஒரே ஒரு தடவை கூப்பிட வேண்டும். வந்தால் கருவாடு. வராவிட்டால்? திரும்பத் திரும்பக் கத்தக் கூடாது. பத்துத் தடவை கூப்பிட்டால், முதல் ஒன்பது தடவை காதில் வாங்க வேண்டியதில்லை என்று நாய் தெரிந்துகொள்ளும். கூப்பிட்டவர் எதிர்ப் பக்கமாக ஓட வேண்டும். ஆமாம், ஓட வேண்டும்! துரத்தினால் நாய் ஓடும். ஓடினால் நாய் துரத்தும். இது அதன் ரத்தத்தில் ஊறிய குணம். பெரிய மனிதர்கள் களத்து மேட்டில் நாய்க்கு முன்னால் ஓடுவதைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நாய் வந்ததும் பட்டையை ஒரு கையால் பிடித்து, மறு கையால் தின்பண்டம் கொடுத்து, உடனே "போ" என்று மறுபடியும் விளையாட விட வேண்டும். மிக மிக முக்கியமான விஷயம் இது! பலர் வீட்டுக்குப் போகும் நேரத்தில் மட்டும்தான் நாயைக் கூப்பிடுகிறார்கள். வந்ததும் சங்கிலி. அப்புறம் "வா" என்றால் "விளையாட்டு முடிந்தது" என்று அர்த்தம் ஆகிவிடாதா? பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை திருப்பி விட வேண்டும். பத்தாவது தடவைதான் வீட்டுக்கு.

இடத்தை மாற்றிக்கொண்டே போக வேண்டும். முற்றம், தெரு, களம், ஏரிக்கரை, வாரச் சந்தைக்குப் போகும் பாதை என்று ஒவ்வொன்றாக. வீட்டில் முதல் மார்க் வாங்கும் நாய் சந்தைப் பாதையில் பூஜ்யம் வாங்கும். அதில் வியப்பில்லை. மனிதக் குழந்தைக்கு இரண்டும் இரண்டும் எங்கே போனாலும் நாலு. நாய்க்குட்டிக்கு ஒவ்வோர் இடத்திலும் புதிதாகக் கணக்குச் சொல்லித் தர வேண்டும்.

எட்டாம் மாதம்

ஐந்து மாதக் குட்டி பிரமாதமாகப் படிந்துவிடும். "ஆகா, பயிற்சி முடிந்தது" என்று எஜமானர் கயிற்றைச் சுருட்டிப் பரணில் போட்டுவிடுவார். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஆறாவது மாதத்துக்கு மேல் நாய்க்கு வாலிபம் வருகிறது. நேற்று வரை காலைச் சுற்றிய குட்டி, இன்று கூப்பிட்டால் தூரத்தில் நின்று பார்க்கும். பார்த்துவிட்டு வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்! இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் ஒரு விசித்திரமான விஷயத்தை வெளியிட்டார்கள். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் வேலைக்காக வளர்க்கப்பட்ட நாய்களை அவர்கள் சோதித்தார்கள். எட்டு மாத வயதில் அந்த நாய்கள், தம்மை வளர்ப்பவர் சொல்லை ஐந்து மாதத்தில் கேட்ட அளவுகூடக் கேட்கவில்லை. ஆனால் முன்பின் தெரியாதவர் சொன்னால் கேட்டன!

பதினைந்து வயதுப் பையன் உள்ள வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இது கெட்ட புத்தி அல்ல. பருவத்தின் கோளாறு. ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் இந்தச் சமயத்தில்தான் பலர் பொறுமை இழந்து தடியை எடுக்கிறார்கள். அல்லது நாயையே துரத்தி விடுகிறார்கள். செய்ய வேண்டியது ஒன்றுதான். பரணில் போட்ட கயிற்றை எடுத்து மறுபடியும் கட்ட வேண்டும்! குட்டிக் காலத்துப் பாடத்தை முதலிலிருந்து ஒரு சுற்று நடத்த வேண்டும்.

காட்டு ஓரத்தில் நின்ற மணிக்கு வயது எட்டு மாதம் என்று தொடக்கத்தில் சொல்லப்பட்டது ஞாபகம் இருக்கிறதா? கயிறு இல்லாமல் அழைத்து வந்ததுதான் அங்கே நடந்த பிழை.

ஆட்டுக்கிடையில்

அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் வறண்ட பூமி. ஆடு வளர்ப்பு பழைய தொழில். திருச்சி கருங்குறும்பை என்ற செம்மறி இனம் இந்தப் பக்கத்தைச் சேர்ந்தது. அறுவடை முடிந்த நிலத்தில் இரவில் ஆட்டுக்கிடை போடுவார்கள். எரு நிலத்துக்கு, கூலி ஆட்டுக்காரருக்கு. கிடைக்குக் காவல் நாய்.

கிடை நாய்க்குக் கயிறு போட்டால் காவல் ஏது? இரவு முழுவதும் அது அவிழ்ந்தே கிடக்க வேண்டும். ஆனால் ஆட்டைத் தொடக் கூடாது. கிடையை விட்டுப் போகவும் கூடாது. இது எப்படிச் சாத்தியம்?

குட்டியிலேயே ஆட்டோடு வளர்ந்தால் சாத்தியம். ஆடுதான் அதற்குக் குடும்பம். ஆட்டுக் குட்டியோடு படுக்கும், ஆட்டோடு நடக்கும். பெரியதானதும் குடும்பத்தை விட்டு ஓட அதற்கே மனம் வராது. இங்கே கூப்பிடும் குரலைவிட உறவுதான் நாயைப் பிடித்து வைக்கும் கயிறு.

இந்த உண்மை உலகம் முழுவதும் தெரிந்ததுதான். ஆப்பிரிக்காவில் நமீபியா என்ற நாட்டில் சீட்டாக்கள் ஆடு மாடுகளைப் பிடித்துத் தின்றன. விவசாயிகள் சீட்டாக்களைச் சுட்டுக் கொன்றார்கள். சீட்டா இனமே அழியும் நிலை! சீட்டாக்களைக் காக்கும் சங்கம் ஒன்று 1994-ல் ஒரு யோசனை செய்தது. துருக்கி நாட்டு அனடோலியா காவல் நாய்க் குட்டிகளை விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். குட்டிகள் ஆட்டு மந்தையோடு வளர்ந்தன. வளர்ந்த நாயைக் கண்டால் சீட்டா விலகிப் போயிற்று. ஆடும் பிழைத்தது, சீட்டாவும் பிழைத்தது.

இன்னொரு வகை நாய் உண்டு. அது காவலுக்கு அல்ல, மந்தையை ஓட்டுவதற்கு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப் பகுதியில் உள்ள பார்டர் கோலி இனம் அப்படிப்பட்டது. 1893-ல் பிறந்த ஹெம்ப் என்ற ஒரே நாய் அந்த இனத்துக்கு மூதாதை போன்றது. குரைக்காமல், கடிக்காமல், பார்வையாலேயே ஆட்டை மடக்குவதில் கெட்டிக்கார நாய் அது. அதன் வம்சத்து நாய்கள் அரை மைல் தூரத்தில் இருந்தாலும் சீழ்க்கைக்குக் கட்டுப்படும். ஒரு சீழ்க்கைக்கு வலப்பக்கம், இன்னொன்றுக்கு இடப்பக்கம், வேறொன்றுக்கு அப்படியே படுத்துவிட வேண்டும்!

நம் கிடை நாயிடம் அத்தனை வித்தை வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை கிடை நாயும் விளையாட்டுப் புத்தியில் ஆட்டுக் குட்டியைத் துரத்தும். காதைக் கவ்வும். "சின்னதுதானே" என்று சிரித்துவிட்டு விடக் கூடாது. உடனே விலக்கிக் கட்டிவிட வேண்டும். கண் பார்வையில் இருக்கும்போது மட்டும் ஆட்டோடு விட வேண்டும். இன்று விளையாட்டு, நாளைக்கு ரத்தம்.

துரத்தல் என்னும் போதை

நாய் ஏன் துரத்துகிறது? பசியால் அல்ல. வயிறு நிறையத் தின்ற நாயும் துரத்தும். ஓடும் பொருளைத் துரத்துவதே அதற்குப் பரம சுகம். கருவாடு எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஒரு முறை மானையோ மயிலையோ துரத்தி ருசி கண்ட நாயைத் திருப்புவது கடினம். முதல் துரத்தலே நடக்காமல் பார்த்துக்கொள்வது சுலபம்.

எல்லா இனமும் ஒன்று போல அல்ல. சிப்பிப்பாறை, கன்னி போன்ற தென்னாட்டு நாய்கள் வேட்டைக்காகவே வளர்க்கப்பட்டவை. கால் நீளம், இடுப்பு ஒல்லி, பார்வை கூர்மை. முயல் ஓடினால் அவற்றின் காது மூடிக்கொள்ளும்! அப்படிப்பட்ட நாயைக் காட்டு ஓரத்தில் அவிழ்த்து விடாமல் இருப்பதே புத்திசாலித்தனம். வேலி போட்ட தோப்பில் ஓட விடலாம். எந்த நாயையும் எந்த இடத்திலும் அவிழ்த்து விடலாம் என்று சொல்பவர் நாயை அறியாதவர். தெருநாய் வம்சத்து நாட்டு நாய்கள் இந்த விஷயத்தில் பரவாயில்லை. வீட்டுச் சோற்றை மறக்காதவை. நம் ஊர் வெயிலும் அவற்றுக்குப் பழக்கம். காசு கொடுத்துச் சீமை நாய் வாங்குகிறவர்கள் இவற்றை ஏளனமாகப் பார்ப்பதுதான் வேடிக்கை.

"ச்சூ" காட்டும் பழக்கம் ஒன்று நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. ஓணானைக் கண்டால் ச்சூ. பூனையைக் கண்டால் ச்சூ. பக்கத்து வீட்டுக் கோழியைக் கண்டாலும் ச்சூ. பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. நாய்க்கு அது பள்ளிக்கூடம். ஆறு மாதம் ச்சூ காட்டிவிட்டு, ஏழாவது மாதம் மானைத் துரத்தாதே என்றால் நாய்க்கு ஒன்றும் விளங்காது.

மானைக் கண்டும் திரும்ப வேண்டும் என்றால்

இதற்குத் தனிப் பயிற்சி உண்டு. நீளக் கயிற்றோடு தொடங்க வேண்டும். முதலில் தூரத்தில் மேயும் மாடு. நாய் அதைப் பார்க்கிறது. இன்னும் பாயவில்லை. அந்தக் கணத்திலேயே கூப்பிட வேண்டும். காது நிமிர்ந்து வால் விறைத்த பிறகு கூப்பிட்டால் பாதி நேரம் கடந்துவிட்டது. ஓடத் தொடங்கிய பிறகு கூப்பிட்டால் முக்கால்வாசி வீண். எஜமானரின் கண் நாயின் மேல் இருக்க வேண்டும், கைப்பேசியின் மேல் இருக்கக் கூடாது.

திரும்பினால் சாதாரணப் பரிசு போதாது. அன்றைக்கு ஈரல்! அதோடு கொஞ்சம் ஓட்ட விளையாட்டு. துணிப் பந்து ஒன்றை எறிந்து துரத்த விடலாம். துரத்தும் ஆசையை அடக்குவதைவிட, எஜமானர் பக்கமாகத் திருப்பிவிடுவது நல்லது.

அடுத்து மாட்டுக்குப் பக்கத்தில். பிறகு ஓடும் கோழி. பிறகு மயில். மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. அதைத் துரத்த விடுவதும் சட்டப்படி தப்பு. தூரத்தில் மயிலைப் பார்த்தும் திரும்பி வருவது நல்ல பரீட்சை. ஒவ்வொன்றிலும் பத்துக்குப் பத்து வாங்கிய பிறகுதான் அடுத்தது. ஒன்பது வாங்கினால்? கயிறு அப்படியே இருக்கட்டும். அந்தப் பத்தாவது தடவைதான் நெடுஞ்சாலை ஓரத்தில் நடக்கும்.

முதன் முதலாகக் கயிற்றை அவிழ்ப்பது எப்படி? சட்டென்று அவிழ்க்கக் கூடாது. முப்பது அடியைப் பத்து அடியாக வெட்டலாம். பிறகு மூன்று அடி. பிறகு கையளவு துண்டு மட்டும் பட்டையில் தொங்கட்டும். அந்தத் துண்டு ஆடிக்கொண்டிருக்கும் வரை, கயிறு எப்போது போயிற்று என்பதே நாய்க்குத் தெரியாது.

நன்றாகப் பழகிய நாய்க்கும் சில இடங்கள் ஆகாது. அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டி ஏரி இருக்கிறது. சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள பறவைகள் சரணாலயம். 2024 ஜனவரியில் உலகப் புகழ் பெற்ற ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம் பெற்றது. இமயமலையைத் தாண்டிப் பறந்து பட்டைத்தலை வாத்துகள் குளிர்காலத்தில் அங்கே வருகின்றன. ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து இளைப்பாறும் பறவைகளை ஒரு நாய் ஐந்து நிமிஷத்தில் கலைத்துவிடும். கயிற்றோடும் சரி, கயிறு இல்லாமலும் சரி, நாயை அங்கே கொண்டு போகக் கூடாது. பள்ளிக்கூட வாசல், பஸ் நிலையம், திருவிழாக் கூட்டம் ஆகிய இடங்களுக்குக் கயிற்றில் பிடித்துத்தான் அழைத்துப் போக வேண்டும். நாய் என்றாலே நடுங்குகிற குழந்தைக்கு, "எங்கள் மணி ஒன்றும் செய்யாது" என்ற சமாதானம் உதவாது.

மீண்டும் வெண்பாவூர் ஓரம். இரண்டு கோடை கழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு இப்போது வயது இரண்டரை. புதர் அசைகிறது. மான் தலையை நீட்டுகிறது. மணி காதை நிமிர்த்துவதற்குள் ஒரு சீழ்க்கை. மணி மானைப் பார்க்கிறது. எஜமானரைப் பார்க்கிறது. ஒரு நொடி. பிறகு திரும்பி ஓடி வந்து அவர் மடியை முகர்கிறது. அங்கே ஈரல் துண்டு இருக்கிறது. மான் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நடக்கிறது.

அவர் தோளில் அந்தப் பழைய முப்பது அடிக் கயிறு தொங்குகிறது. வீட்டில் இன்னொரு குட்டி பிறந்து ஒன்பது வாரம் ஆகிறது.